டிரஸ்ஸர் வேலை பார்க்கும் வானதூதர்

பவித்ரன் அப்பாவுக்கு,

துளசி எழுதுவது. ஈப்போவில் வீடு, மழை, பக்கத்து வீட்டு நாய் எல்லாம் நலம். நான் நலமா இல்லையா என்பது நீங்கள் எழுதப்போகும் பதிலில் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் கேட்டால் நீலக்குறி விழும், பதில் விழாது. இரண்டு நாள் கழித்து "லைன் இல்லலா" என்பீர்கள். அதனால்தான் கடிதம். கடல் தாண்டி மீரியில் உங்களோடு வெல்டிங் செய்யும் ராஜு லீவு முடிந்து திங்கட்கிழமை திரும்புகிறான். சிம்பாங் பூலாயில் அவன் வீட்டுக்கே போய்க் கொடுக்கப்போகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை அவன் நகர மாட்டான், போனிலேயே சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

தீபாவளிக்கு வந்தபோது ஒரு வேலைச் சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டுப் போனீர்கள். அதன் பையில் ஒரு சின்ன நோட்டு. உங்கள் கோழிக்கிறுக்கல்தான். ஜிப்ரில், செய்தி. மிக்காயில், மழை, சாப்பாடு. இஸ்ராஃபில், கொம்பு. இஸ்ராயில், உயிர். முதலில் வேலையிடத்துக் கேம்ப்பில் உங்களோடு தங்கியிருப்பவர்கள் என்று நினைத்தேன். கொம்பு ஊத ஒருத்தன், உயிர் எடுக்க ஒருத்தன் என்று எந்தக் கம்பெனியில் ஆள் வைக்கிறார்கள்?

நாசி லெமாக் சோறு விற்கும் மலாய்க்கார அக்கா கக் ரோஹானாவிடம் போய்ப் பெயர்களை வாசித்தேன். இவர்கள் இறைவனின் வானதூதர்கள் என்றார். ஜிப்ரில் நபிமார்களுக்கு இறைச்செய்தி கொண்டு வந்தவராம். கடைசி நாளில் இஸ்ராஃபில் கொம்பு ஊதுவாராம். உன் வீட்டுக்காரர் நல்ல விஷயம் படிக்கிறார் என்று வேறு சொன்னார். நல்ல விஷயமாம்!

ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். தீபாவளிக்கு உங்கள் தம்பி கொண்டுவந்த காட்டுப்பன்றிக் கறியை நீங்கள் தொடவில்லை. பீரும் வேண்டாம் என்றீர்கள். நீங்கள்! மறுநாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகப் பழைய எஸ்டேட்டுக்குப் போனீர்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்துவிட்ட இடத்தில் உங்களுக்கு என்ன வேலை? மதம் மாறுகிறவர் மாறட்டும், அது அவரவர் மனசு. கட்டினவளிடம் சொல்லாமல் மாறுவது எந்த ஊர் நியாயம்? யாருக்காக மாறினீர்கள், அவள் மீரிக்காரியா என்று கண்ணாடி முன்னால் நின்று கேட்டுப் பழகினேன்.

அடுத்த பக்கத்தைப் புரட்டினால் கபிரியேல், மிக்கேல், ரஃபேல். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகும் மேல்மாடி விமலாவிடம் காட்டினேன். "இவங்க எங்க ஆளுங்கக்கா" என்றாள். மரியாளுக்குச் செய்தி சொன்னவர் கபிரியேலாம். சாத்தானை விரட்டியவர் மிக்கேலாம். கண் தெரியாதவரைக் குணமாக்கியவர் ரஃபேலாம். மூன்றாம் பக்கத்தில் ஊரியேல் என்று ஒருவர். அவரை விமலாவுக்கும் தெரியவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஸ்கந்தராஜா ஐயாவைப் பிடித்தேன். கபிரியேலும் மிக்கேலும் முதலில் யூதர்களின் நூல்களில் வந்தவர்கள், பிறகுதான் மற்ற இரண்டு மதத்துக்கும் என்றார். யூதர்கள் தூங்கப் போகுமுன் வலப்பக்கம் மிக்கேல், இடப்பக்கம் கபிரியேல், முன்னால் ஊரியேல், பின்னால் ரஃபேல் என்று சொல்வார்களாம். அரை மணி நேரம் வகுப்பெடுத்துவிட்டு, ஏன் கேட்கிறாய் என்றார். சும்மாதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு பெண்ணுக்காக ஒரு மதம் மாறுவார்கள். மூன்று மதம் என்றால் மூன்று பேரா? நெருப்பில்லாமல் புகையுமா என்று நோட்டை மறுபடி எடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன். ரஃபேல் பெயருக்குக் கீழே மூன்று கோடு போட்டிருக்கிறீர்கள், தாளே கிழிந்திருக்கிறது. பக்கத்தில் டிரஸ்ஸர் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நானும் எஸ்டேட்டில் பிறந்தவள்தானே! வேலைக்குக் கங்காணி, லீவுக்குக் கணக்கெழுதும் கிராணி, காய்ச்சல் என்றால் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர். துரை பங்களா வாசலில் நேராகப் போய் நம்மில் யார் நின்றோம்? கடவுளிடம் நேராகப் போகப் பயந்துகொண்டு, மேலே யாருக்கு என்ன வேலை என்று கேம்ப்பில் எல்லா மதத்துக்காரர்களையும் கேட்டு எழுதி வைத்திருக்கிறீர்கள். அன்று எஸ்டேட்டுக்குத் தனியாகப் போனதுகூட நம் கோயில் முனியாண்டியிடம்தான், இல்லையா? அவர் என்ன சொன்னார்?

முதல் பக்கத்தில் இஸ்ராயில் பெயருக்கு எதிரே, பென்சிலில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் எழுதியிருக்கிறது: கேட்டால் தவணை கொடுப்பாரா?

எதற்குத் தவணை? யாருக்கு?

சட்டையின் உள்பையையும் துழாவினேன். மீரி ஆஸ்பத்திரியின் சந்திப்பு அட்டை. ஆகஸ்டிலிருந்து ஐந்து தேதி. மேலே எந்தப் பிரிவு என்று ஆங்கிலத்தில் இருந்தது. விமலாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "புற்றுநோய்ப் பிரிவு, அக்கா" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தீர்களே, பாவி மனுஷா! ஆகஸ்டிலிருந்து எத்தனை முறை சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று என்னைக் கேட்டிருப்பீர்கள்? பவித்ரனிடம் இன்னும் சொல்லவில்லை. அவனுக்குத் தஞ்சோங் மாலிமில் இந்த வாரம் ஷிப்ட் அதிகம்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். இங்கேயும் டாக்டர்கள் இருக்கிறார்கள். வர மாட்டேன் என்றால் நான் வருகிறேன். விமானம் ஏறியதில்லை, ஏறிக்கொள்கிறேன்.

இன்னொன்று. நாலு நாளாக, இன்னொருத்தி இருக்கக் கூடாது என்று சாமியை வேண்டினேன். இன்று அவள் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். மதம் மாறியிருங்கள், பெயர் மாற்றியிருங்கள், மூன்று பேரைக் கட்டியிருங்கள். வாசலில் நிற்க வைத்துத் திட்டுவேன், பிறகு சோறு போடுவேன். அட்டையில் உங்கள் பெயர்தான் இருக்கிறது. ஐசி, அடையாள அட்டை எண்ணும் உங்களுடையதுதான். இருந்தாலும் அது வேறு யாரோ ஒரு கனகராஜுடையது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். இருபத்தாறு வருஷத்தில் நீங்கள் சொன்ன எதையும் நான் உடனே நம்பியதில்லை. இதை நம்பிவிடுகிறேன்.

உங்கள்
துளசி