கையொப்பம் இல்லாத அறிவித்தல்

கடற்கரையிலிருந்து ஈரக் காலோடு எங்கள் வீட்டுக்குள் வந்து, உங்கள் மூத்த சகோதரியான என் உம்மாவிடம் ஏச்சு வாங்கும் என் சபுறா சாச்சிக்கு,

உங்கள் மீது ஸலாம் உண்டாகட்டும். நீங்கள் மௌத்தாகி, மண்ணுக்குள் போய் இரண்டு மாதமாகிவிட்டது. வந்த சொந்தமெல்லாம் திரும்பிப் போய் வீடு அடங்கிவிட்டது. நான் மட்டும் அடங்கவில்லை. நான் அடங்காதவன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இது அந்த அடங்காமை இல்லை, சாச்சி.

பள்ளிவாசல் மதிலில் ஒட்டியிருந்த அறிவித்தல் நினைவிருக்கிறதா? “அஸர் தொழுகைக்குப் பின் பெண்கள் கடற்கரையில் நடமாடுவதை முற்றாகத் தவிர்த்துக்கொள்ளவும். இவ்வண்ணம், ஜமாஅத்தார்.” அதை எழுதியது ஜமாஅத்தார் இல்லை. நான்.

மார்க்கப் பற்றில் எழுதினேன் என்று நினைத்துவிடாதீர்கள். கிரிக்கெட்டுக்காக எழுதினேன். அலை நனைத்து இறுகிய மணல்தான் எங்கள் பிட்ச். அஸர் முடிந்து பின்னேரமானால் நீங்களும் உங்கள் கூட்டாளிமாரும் அதன் குறுக்கே நடப்பீர்கள். ஓவருக்கு இரண்டு தரம் பந்தை நிறுத்த வேண்டும். போதாததற்கு நீங்கள் நடுப்பிட்சில் நின்று, “யார்ரா அவுட்? நீயா? அப்ப புதினம் ஒண்டும் இல்ல” என்று நக்கல் வேறு அடிப்பீர்கள்.

சாதாரண தரப் பரீட்சையில் அசாதாரணமாகப் பெயில் ஆனாலும் தமிழில் மட்டும் ஏ எடுத்த கை இது. கல்முனையில் ஒரு கடையில் டைப் அடித்து, பிரின்ட் எடுத்து, மதிலடியில் ஆளில்லாத நேரம் பார்த்து ஒட்டினேன். மூன்று நாள் தாங்கும், நாலாம் நாள் யாராவது கிழித்துவிட்டு ஊரே சிரிக்கும் என்று நினைத்தேன்.

யாரும் கிழிக்கவில்லை. அதில் கையொப்பம் இல்லை, முத்திரை இல்லை, திகதி இல்லை. யார் போட்டது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் போட்டிருப்பார் என்று இருந்துவிட்டார்கள். மழைக்கு நனையக் கூடாது என்று யாரோ அதை லெமினேட் வேறு பண்ணி மாட்டினார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. பதினாறு வயதில் ஊருக்கே சட்டம் போட்டவன் அல்லவா?

நான் அதை ஒட்டிய அன்றே பின்னேரம், நீங்கள் அதைக் கண்டு பாதி வழியில் திரும்பி எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள்.

“மனே, நீ பள்ளிப் பக்கம் போறவன். அந்த எழுத்து மெய்தானா?”

“ஓம் சாச்சி. பெரிய ஆக்கள் யோசிச்சித்தானே போட்டிருப்பாங்க.”

“எனக்குச் சீனி வருத்தம். டொக்டர் நடக்கச் செல்லியிரிக்காரே.”

“வீட்டு வளவுக்குள்ள நடங்களன். அங்கயும் காத்து வரும்தானே.”

“ம். நீ செல்லுறதும் சரிதான்.”

முகத்தை மௌலவி மாதிரி வைத்துக்கொண்டு சொன்னேன். உள்ளே சிரிப்பு முட்டிக்கொண்டிருந்தது. இந்த உலகத்தில் அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் தெரிந்த ஒரே ஆளிடம் வந்து கேட்டீர்கள், சாச்சி. அவன் உங்களை வளவுக்குள் அனுப்பினான்.

நாலு மாதம் கிணற்றைச் சுற்றி நடந்தீர்கள். மணலில் வட்டமாக ஒரு தடமே விழுந்துவிட்டது. கடலின் இரைச்சல் கேட்கும், கடல் தெரியாது. ஒருநாள் மதிலுக்கு மேலால் எட்டி, “சாச்சி, செக்கு மாடு இண்டைக்கு எத்தின சுத்து?” என்று கேட்டேன். என் பகிடிக்கு நீங்கள் சிரிக்காமல் விட்டது அன்று மட்டும்தான். “களைக்குது மனே” என்றீர்கள்.

மௌத்து அல்லாஹ்வின் நாட்டம். நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நீங்கள் போனதற்கு என்னை யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த நாலு மாதம் யாருடைய நாட்டம்?

தொழுங்கள் என்று யாரும் உங்களை ஏவியதில்லை. சுபஹுக்கு நம் ஒழுங்கையில் முதல் லைட் எரிவது உங்கள் வீட்டில்தான். கட்டிய மாப்பிள்ளை போன பிறகு தையல் மெசினை வைத்து மகளை வளர்த்தெடுத்தீர்கள். உங்களை நீங்களே ஆண்டு வந்த மனுசி நீங்கள். பல் தீட்டவே உம்மா ஏச வேண்டிய நான், உங்கள் கால் எங்கே நடக்கலாம் என்று சட்டம் போட்டேன்.

போன கிழமை உங்கள் மகள் நஸ்ரின் ராத்தா கடற்கரைக்கு வந்தார். எங்கள் விக்கெட் கீப்பர் ஓடிப்போய் மறித்தான். அந்த அறிவித்தல் என் வேலை என்று அவனுக்கும் தெரியாது.

“ராத்தா, அஸருக்குப் பொறகு ஏலாது. சட்டம் இரிக்கி.”

“யார்ர சட்டம்?”

“ஊர்ர சட்டம்.”

“எங்கட உம்மா முந்தி வந்து இருந்த இடத்தில கொஞ்சம் இருந்திட்டுப் போறன் தம்பி.”

“செல்லுறதக் கேளுங்க ராத்தா. பொறகு எங்களுக்குத்தான் ஏச்சு.”

ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மட்டையால் மணலைத் தட்டிக்கொண்டு நின்றேன். அவர் வந்த வழியே போனார். நான் அடுத்த பந்தை ஆடினேன், சாச்சி. அதை எப்படி ஆடினேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நேற்று நிருவாகத் தலைவரிடம் போய் ஒப்புக்கொண்டேன். காதைத் திருகுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீயா எழுதின? தமிழ் நல்லா இரிந்திச்சே.”

“கழட்டிடுங்க ஹாஜியார்.”

“எழுதினது நீயா இருந்தாலும் கருத்துப் பிழையில்லையே தம்பி. பொம்புளையளும் பழகிட்டாங்க. இப்ப கழட்டினா, நாமளே போகச் செல்லின மாதிரி ஆகிடும். உடு.”

அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். நான் ஒட்டியதை நானே கழற்ற முடியாத நிலைக்கு அது எப்போது வந்தது? எத்தனை ஊரில் எத்தனை சட்டம் இப்படிப் பிறந்திருக்கும்?

நஸ்ரின் ராத்தாவுக்கு இன்னும் தெரியாது. தெரிந்த பிறகு என்னோடு கதைப்பாரா? நான் தம்பி என்று அவர் இனி யாரிடமாவது சொல்வாரா? 

இந்தக் கடிதத்தை முகநூலில் போடப் போகிறேன். ஊர் வாசிக்கும் முன் ராத்தா வாசிக்க வேண்டும். இன்று பின்னேரம் கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பேன். வாசித்து முடியும்வரை முன்னால் நிற்பேன், பகிடி ஒன்றும் விட மாட்டேன். அதன்பிறகு அவர் கடலுக்குப் போவதாக இருந்தால், மறிக்கிறவனிடம் உண்மையைச் சொல்ல நான் அங்கே நிற்பேன். போகாமல் இருந்தால், ஏன் என்று கேட்க மாட்டேன். என் முகத்தில் கதவைச் சாத்தினாலும் அது அவருடைய கதவு. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் கூடப்பிறந்தவர் பெற்ற மகன்,
சப்ரான்