தொண்டைக்கு இறங்கிய கண்மருந்து

இன்று காலை கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் கசந்தது. மூக்கோரத்துக் கண்முனையை விரலால் அழுத்திப் பிடிக்க மறந்துவிட்டேன். மறக்கச் செய்தவன் என் மகன். அந்நேரம் பார்த்து அறைவாசலில் நின்று, "அம்மா, பின்னேரம் பிள்ளையைப் பார்க்க ஆக்கள் வருகினம். அந்தப் போத்தலை உள்ளுக்கை வையுங்கோ. கண் வருத்தம் எண்டு ஒண்டும் கதைக்க வேண்டாம்" என்றான். பிள்ளை என்றது கலியாண வயதில் நிற்கும் என் பேத்தியை. கசப்பை விழுங்கியபோது, தோழி, உம்மை நினைத்தேன். நீர் இறந்து இரண்டு வருடமாகிறது. அழ எனக்குப் பழக்கமில்லை, ஆகவே எழுதுகிறேன்.

இந்த எண்பதுகளின் தொடக்கத்தில், கடல் கடந்து வந்த இந்த மவுண்ட் ரோஸ்கில்லில் ஊர்த்தமிழ் கதைக்க எனக்கு வாய்த்தவர் நீர் ஒருவர்தான். அறுபது வயதில் கார் ஓட்டப் பழகியவர். சனிக்கிழமைகளில் என்னையும் ஏற்றிக்கொண்டு புக்கெகோஹித் தோட்டங்களுக்கு வெங்காயமும் முட்டைக்கோவாவும் வாங்கப் போவீர்.

பிறகு உமக்குக் கண்ணழுத்தம் கண்டது. முதலில் தந்தது பைலோகார்ப்பைன். கண்ணுக்குள் ஓயாமல் ஊறும் திரவம் வெளியேறும் வழியை அது திறந்துவிடும். கூடவே கண்பாவையைக் குண்டூசித் தலையளவுக்குச் சுருக்கிவிடும். மழை மூடிய நண்பகலும் உமக்கு அந்தியாயிற்று. கார் அசையாமல் நின்றது.

சில மாதங்களில் டிமோலால் என்ற புதிய மருந்துக்கு மாற்றினார்கள். விலங்கியல் படித்த திமிரில் நான் அரைமணி நேரம் விளக்கினேன்: இது பாவையைச் சுருக்காது, திரவம் ஊறுவதையே குறைக்கும். நீர் ஒரு மூச்சில் முடித்தீர்: "அது தண்ணி போற கானைத் துப்புரவாக்குது, இது பைப்பைப் பூட்டுது. இதுக்கோ பட்டம் எடுத்தனீர்?"

வெளிச்சம் திரும்பியது, காரும் கிளம்பியது. மூன்றாம் சனிக்கிழமை, வெங்காய மூட்டையோடு திரும்பும் வழியில் காரை ஓரங்கட்டினீர். உமது நெஞ்சு விசிலடித்தது.

"என்ன இது?"

"தடிமன். சளிதான்."

"தடிமனுக்கு இப்பிடி இழுக்காது. எனக்குப் பொய் சொல்லாதையும்."

"தொய்வு, மூச்சிழுப்பு. சின்னனிலை இருந்தது. கலியாணம் பேசேக்கை அம்மா மறைச்சவ. இண்டுவரைக்கும் என்ரை மனுசனுக்கு அது தடிமன்தான்."

"கண் டொக்டர் கேக்கேல்லையோ?"

"கேட்டவர். இவர் பக்கத்திலை இருந்தவர். இல்லையெண்டிட்டன். இப்ப சொன்னால் இந்த மருந்தை நிப்பாட்டிப் போடுவினம். பிறகு கார்?"

"செத்தவைக்கு லைசன்ஸ் குடுக்கிறேல்லை" என்றேன்.

திங்கட்கிழமை உமக்குத் துணையாக நானும் போனேன். உமது கணவர் அருகிலிருக்க, ஆஸ்துமா உண்டு என்று டொக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னீர். கணவர் சுழன்று உம் பக்கம் திரும்பினார். "உம்மடை அம்மா எங்களை ஏமாத்திப் போட்டா!"

"ஓம், ஏமாத்தினவதான். நாப்பது வருசத்துக்குப் பிறகு திருப்பி அனுப்பப் போறியளோ?"

தமிழறியாத டொக்டர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். பிறகு சொன்னார்: கண்ணில் விடும் துளி கண்ணோடு நிற்பதில்லை, மூக்குவழியே இறங்கி இரத்தத்தில் கலக்கும். தொய்வுள்ளவருக்கு டிமோலால் மூச்சுக்குழாயை நெரிக்கும். எந்தத் துளியானாலும் கண்முனையைச் சில நிமிடம் அழுத்திப் பிடிக்கப் பழக்கினார். ஆனால் உமக்கு இந்த மருந்து அப்படியும் ஆகாது என்றார். பழைய மருந்துக்கே திரும்பினீர். காரை விற்றீர். "இனி எனக்குத் தடிமன் வராது" என்று மட்டும் சொன்னீர்.

இப்போது எனக்கும் அதே கண்ணழுத்தம். என் நுரையீரலில் பழுதில்லை. ஆகவே டிமோலால் எனக்கு ஒத்துப்போகிறது.

பின்னேரம் ஒடாஹுஹுவிலிருந்து அவர்கள் வந்தார்கள். தேநீருக்கு நடுவே மாப்பிள்ளையின் தாய் கேட்டார்: "உங்கடை குடும்பத்திலை வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே?" மகன் செருமினான். நான் கைப்பையிலிருந்து போத்தலை எடுத்து, எல்லோர் முன்னும் கண்ணில் ஒரு துளி விட்டு, முனையை அழுத்திக்கொண்டேன்.

"இருக்குது. கண்ணழுத்தம். பேத்திக்கும் வரலாம், அவள் கண்ணைச் சோதிச்சுக்கொண்டு இருப்பாள். விருப்பமில்லாட்டி இப்பவே எழும்பலாம். நாப்பது வருசம் கழிச்சு வந்து ஏமாத்தினது எண்டு கதைக்கேலாது."

எழுந்தார்கள். தேநீர் பாதியில் ஆறியது. மகன் என்னைப் பார்க்கவில்லை. பேத்தி மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "வன் மோர் மினிட், அப்பம்மா" என்றாள்.

அந்த நிமிடம் முடியும்வரை விரலை எடுக்கவில்லை. தொண்டை கசக்கவில்லை.