மூன்றாம் மேசை

ஜூலை 14, திங்கள்
புகைமூட்டம். கிள்ளான் முழுக்க யாரோ சாம்பிராணி போட்ட மாதிரி.
செய்ய வேண்டியவை: கணக்கு வீட்டுப்பாடம் (இல்லை). ரப்பர் பல்லி (ஆச்சு). சீனி டப்பா மூடியில் ஒட்டினேன். அம்மா திறந்தார், எனக்கு டீ கலக்கினார், மூடினார். கத்தல் இல்லை. போன வாரக் கரப்பான்பூச்சிக்கும் இதே கதி. அம்மாவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. எனக்குத் தொழில் படுத்துவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்
அம்மாவும் யாழினி அக்காவும் பெட்டாலிங் ஜெயாவில் ஒரே மருந்துத் தொழிற்சாலை. அம்மா ஊசிமருந்துக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தூசி, கண்ணாடித் துகள் இருந்தால் ஒதுக்குவார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே. அக்கா தர மேம்பாட்டுப் பிரிவு, இந்த வருடம்தான் சேர்ந்தார். இரண்டு பேரும் பிழை தேடுகிறார்கள், அதுதான் எங்கள் பிழைப்பு. (அக்கா சிரிக்கவில்லை.)
கெட்ட குப்பி சில அம்மா பகுதியைத் தாண்டி அடுத்த சோதனையில் மாட்டியதாம். இனி வேண்டுமென்றே கெட்டதை நல்லதோடு கலந்து, யார் பிடிக்கிறார்கள் என்று பார்ப்பார்களாம்.
"சம்பளம் கொடுத்துக் குறும்பு பண்ணச் சொல்றாங்களா?"
"குறும்பு இல்லடா. மூல காரணம் தேடுறது."
"மூலத்துக்குக் கிளினிக் போகணும்லா."
"சாப்பிடுற நேரத்துல என்னடா பேச்சு," அம்மா.
அக்கா விளக்கம்: ஆளைக் குற்றம் சொல்வதில்லை. முறையில் எங்கே ஓட்டை என்று, ஏன் ஏன் எனக் கேட்டுக்கொண்டே அடிவரை போவது. அம்மா தலையாட்டினார். மீன் முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 24, வியாழன்
மழை. அக்கா வேலை முடிந்து வந்தும் வாசலில் காரை விட்டு இறங்கவில்லை. குடையோடு போய் ஏறிக்கொண்டேன்.
"மூணு மேசை. ரெண்டுல எல்லாத்தையும் பிடிச்சிட்டாங்க. மூணாவதுல பாதிக்கு மேல போயிருச்சு."
"யாரு மேசை?"
அக்கா அம்மா இருந்த சமையலறை ஜன்னலைப் பார்த்தார்.
"லைட்ட மாத்திப் பாத்தேன். நாற்காலி, ஷிப்ட், எல்லாம் மாத்திப் பாத்தேன்டா. முறையிலதான் கோளாறு இருக்கணும்னு..."
பல்லியைச் சொன்னேன். கரப்பான்பூச்சியையும். "நானும் வீட்ல கெட்ட குப்பி வச்சிட்டுத்தான் இருந்திருக்கேன்."
வேடிக்கையாகச் சொல்ல நினைத்தேன். அக்கா ஸ்டியரிங்கில் தலை வைத்துவிட்டார்.

ஜூலை 25, வெள்ளி
அம்மா துணி மடிக்கும்போது அக்கா கேட்டார்.
"எப்ப இருந்துமா?"
"போன கண் டெஸ்டுக்கு அப்புறம். இனிப்பு நீர் வியாதி கண்ணுக்கு ஏறிருச்சு போல."
"ஏன் சொல்லல?"
"மேசையில இருந்து எழுப்பிருவாங்க."
"பெட்டி மடிக்கிற இடத்துக்குத்தானே அனுப்புவாங்க. சம்பளம் அதேதான். அப்புறம் ஏன்?"
"மேசைக்கு எதிர்ல பெரிய கண்ணாடி. அந்தப் பக்கம் நீ நடந்து போவ. அதப் பாக்கத்தான்."
"தெரிஞ்சனா?"
"எல்லாரும் வெள்ளக் கோட்டு. வெள்ளையா ஒண்ணு போகும். நீதான்னு வச்சுக்குவேன்."
அக்கா அடுத்த ஏன் கேட்கவில்லை.

ஜூலை 26, சனி
பிரிக்ஃபீல்ட்ஸ், கண் டாக்டர். ரயிலில் அம்மா பெயர்ப்பலகை பார்க்கவில்லை, அறிவிப்பைக் காதில் வாங்கியே எழுந்தார். எத்தனை நாளாக இப்படி? பக்கத்திலேயே இருந்திருக்கிறேன்.
டாக்டர்: ஊசி போட்டு இருப்பதைக் காப்பாற்றலாம். போனது வராது.
திரும்பும்போது அம்மா என் கையைப் பிடித்தார். கூட்டத்துக்காக என்றார். கூட்டம் இல்லை.

ஜூலை 28, திங்கள்
அறிக்கை. அக்கா எழுதி அழித்து எழுதி.
"பேரு வராதுமா. மூணாவது மேசைன்னுதான் இருக்கும்."
"அதுல யாரு உக்காருறான்னு ஊருக்கே தெரியும். நேரா எழுது. யாரு உடம்புலயோ ஏறுற மருந்து."
முறையில் ஓட்டையும் இருந்தது. கண் டெஸ்ட் வருடத்துக்கு ஒருமுறைதான். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அடிக்கடி வேண்டும் என்று அக்கா சேர்த்தார். நல்ல மேம்பாடு. யாரும் கைதட்டவில்லை.

ஜூலை 30, புதன்
வெயில். அம்மாவுக்குப் பெட்டிப் பிரிவில் முதல் நாள். மத்தியானம் அக்கா பார்க்கப் போனாராம். கோட்டு, முகமூடி, எல்லாம் போட்டுக்கொண்டு எதிரில் நின்றாராம்.
அம்மா நிமிர்ந்து, "சொல்லுங்க மேடம்" என்றாராம்.
அக்கா அப்படியே திரும்பி வந்துவிட்டாராம்.