களம் என்றுதான் நினைத்தேன்

ஒலக்கூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

சூர்யகலா எழுதுவது. நானும் நம் பெண் சங்கவியும் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் நான் வாயைத் திறந்தாலே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் நாளை மஸ்கட் திரும்பும் பச்சைமுத்து அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தையாவது கடைசிவரை படிப்பீர்கள்.

கடலை இன்னும் முற்றவில்லை, மல்லாட்டை பிடுங்க இன்னும் பத்து நாள் ஆகும். அதுவரை மழை வராமல் இருக்க வேண்டும்.

ஓமந்தூர்க்காரர்கள் பெண் பார்க்க வந்த நாளில் வேண்டுமென்றே பெண்ணை ஊர் சுற்ற அனுப்பினேன் என்று உங்கள் அக்கா சொல்லியிருப்பார். நடந்தது வேறு. முந்தின வாரம் சங்கவி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். 'பிளஸ் டூ மாணவர் களப்பயணம், பெற்றோர் ஒப்புதல்' என்று இருந்தது. நமக்குக் களம் என்றால் நெல் அடிக்கிற களம்தானே. நம்மிடமே களம் இருக்க, இதைப் பார்க்கவா பஸ் வைத்துப் போகிறார்கள் என்று கேட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எங்கே போகிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை. மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள், அவர்கள் வருவது நாலு மணிக்குத்தானே என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அவர்கள் நாலு மணிக்கு வந்துவிட்டார்கள். இவள் வரவில்லை. டீச்சருக்குப் போன் செய்தால், விழுப்புரத்தில் ஒரு காலேஜில் இருக்கிறோம், கிளம்ப நேரமாகும் என்கிறார். கேசரியும் பஜ்ஜியும் ஆறிப்போய்க் கிடந்தன. வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தே என் கால் ஓய்ந்தது. "பொண்ண ஊட்ல வெச்சிக்கினு இருக்கத் தெரியாதவளுக்கு சம்பந்தம் ஒரு கேடா" என்று வந்தவர்கள் காதுபட அக்கா சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர்கள் போனபின் ஆறரைக்கு வந்தாள். திட்ட வாயெடுத்தேன். அதற்குள், "யம்மா, அங்க லேப்ல மண்ணக் கரைச்சி ஒரு சொட்டு மருந்து உட்டாங்க, கலரே மாறிச்சு. நம்ம கொல்லை மண்ணையும் எடுத்துக்கினு வரச் சொன்னாங்க" என்று மூச்சு விடாமல் சொன்னாள். களம் என்று நான் நினைத்தது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும், சொல்லியிருந்தால் அனுப்பியிருக்க மாட்டாயே என்றாள். கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது உண்மை. நான் அனுப்பியிருக்க மாட்டேன். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மறுபடி வருகிறார்களாம். சித்திரையில் அவளுக்குப் பதினெட்டு வயது முடிந்ததும் வைகாசியில் கல்யாணம் என்கிறார் அக்கா. பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொரு தாளும் வந்திருக்கிறது. மேலே என்ன படிக்க விருப்பம் என்று எழுதி, பெற்றோர் கையெழுத்தோடு திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி என்று அவள் எழுதிவிட்டாள். இரண்டு நாளாக நான் அதைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருக்கிறேன். வேலை எதுவும் ஓடவில்லை.

சனிக்கிழமைக்குள் ஒரு போன் செய்யுங்கள் மாமா. என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை, அவளிடம் பேசுங்கள். கோபப்படாமல், அங்கே என்ன பார்த்தாய் என்று மட்டும் கேளுங்கள்.

முதல் தாளில் தெரியாமல் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தாளில் தெரிந்தே போடுவேன். அதற்கு முன் உங்கள் குரலைக் கேட்டுவிட்டால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் போனுக்குக் காத்திருக்கும்
சூர்யகலா