வெளுக்காத மஞ்சள்

பிப்ரவரி 11

முதல் பூ விரிந்துவிட்டது. பளிச்சென்ற மஞ்சள். வெளுத்திருக்க வேண்டிய பூ.

குசும்பாப் பூவின் இதழுக்கு மஞ்சள் நிறம் தருவதும், மருந்தாவதும் ஃபிளேவனாய்டு என்ற பொருள்தான். அதை உண்டாக்க ஒரு நொதி வேண்டும். அந்த நொதிக்கு ஒரு மரபணு அல்ல, ஒரு குடும்பமே இருக்கிறது. அதில் நான்காவதுதான் முக்கியம் என்பது என் வாதம். அதை அடக்கிய செடிகள் இவை. நாற்றாக இருந்தபோதே சோதித்தேன், அடங்கித்தான் இருந்தது. பிறகு எங்கிருந்து வந்தது இந்த மஞ்சள்?

பிப்ரவரி 14

இதழ்களை அரைத்து அண்ணியிடம் கொடுத்தேன். ஆய்வகத்தில் அளக்கும் கருவி அவர் பொறுப்பு. ஃபிளேவனாய்டு துளியும் குறையவில்லை. “மனசு விட்டுடாத, இன்னும் பூக்கட்டும், பாப்போம்” என்றார்.

அண்ணி ஆராய்வது அதே குடும்பத்தில் ஏழாவதை. இரண்டில் ஒன்றைத்தான் அடுத்த வருடம் தொடரப்போவதாகத் தலைவர் மேடம் சொல்லியிருக்கிறார். என் நான்கு தோற்றால் யாருக்கு லாபம்?

சே. அண்ணன் மனைவியைப் பற்றி என்ன எழுதுகிறேன்.

பிப்ரவரி 17

எல்லாம் மஞ்சள். யாரோ தொட்டியை மாற்றியிருக்கிறார்கள். சாதாரணச் செடியில் என் சீட்டைக் குத்திவிட்டால் யாருக்குத் தெரியும்?

மறுபடி சோதிக்கலாம்தான். அதுவும் அதே கைகள் வழியாகத்தானே போகும்?

பிப்ரவரி 20

செடி அறைப் பூட்டை மாற்றச் சொன்னேன். காவலாளி சிரிக்கிறார். “முள்ளுச்செடியத் திருட யாரும்மா வரப்போறா?”

பிப்ரவரி 23

அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. ரெண்டு பேரும் நாள் முழுக்கப் பூவோடு குடித்தனம் நடத்துகிறீர்கள், ஒரு பூவாவது வீடு வந்து சேர்ந்திருக்கிறதா என்று அண்ணன் கிண்டல் செய்தான். அண்ணி சிரிக்கவில்லை. குழம்பு ஊற்றும்போது கையைப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மெல்லிய கீறல்கள்.

குசும்பா முள் கீறினால் அப்படித்தான் இருக்கும். என் கையிலும் இருக்கிறது. ஆனால் அவருடைய செடிகள் இன்னும் முள் வைக்காத நாற்றுகள்.

செடி அறைப் பக்கம் போனீர்களா அண்ணி என்று சாதாரணமாகக் கேட்டேன்.

“இல்லியே. எனக்கு அங்க என்ன வேலை?”

பொய். என் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்.

பிப்ரவரி 26

இன்று கண்ணாலேயே பார்த்துவிட்டேன். எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் செடி அறையிலிருந்து வெளியே வருகிறாள். கையில் ஐஸ் பெட்டி. என்னைக் கண்டதும் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். தண்ணி ஒழுங்கா போகுதான்னு பாக்க வந்தாளாம். தண்ணி பாக்க ஐஸ் பெட்டி எதுக்கு? நான் என்ன கேனச்சியா? சேர்த்துவிட்டதே நான்தானே – இவளை இந்த ஆய்வகத்துல சேர்த்துவிட்டதே நான்தானே!

பிப்ரவரி 27

மேடத்திடம் சொல்லிவிட்டேன். கீறல், ஐஸ் பெட்டி, எல்லாம். அவர் உடனே அண்ணியைக் கூப்பிட்டு, என் எதிரிலேயே கேட்டார்.

அண்ணி மறுக்கவில்லை. மேடத்தைப் பார்த்தே பேசினார்.

“மொட்டு எடுத்தது நெசம். தொட்டிய மாத்தல. இவ செடியில நாலு அடங்கினதும் ஏழு எழுந்துக்குது மேடம். அதான் மஞ்சள் குறையல. ஒரு தடவ பாத்துட்டேன், ரெண்டாவது தடவயும் வந்தாதான் சொல்லணும்னு இருந்தேன். தப்பாயிட்டா இவ ஒடஞ்சிபோயிடுவா.”

நான் நம்பவில்லை. சமயத்துக்கு நல்ல கதை என்றுதான் தோன்றியது. எங்கள் இருவருக்கும் சம்பந்தமில்லாத வேறொரு ஆய்வகத்தில் சோதிக்கட்டும் என்றார் மேடம்.

மார்ச் 6

முடிவு வந்தது. நான்கு அடங்கியிருக்கிறது. அத்தனையும் என் செடிகள். ஒரு தொட்டிகூட மாறவில்லை. ஏழு தாறுமாறாக ஏறியிருக்கிறது.

அப்படியானால் ஏன் ஒளித்தார்? முதலில் தன் பெயரில் கட்டுரை எழுதிவிடவா? – பாரேன், இன்னும் அதே பக்கம்தான் ஓடுகிறது புத்தி.

மாலையில் அண்ணன் போன் செய்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல” என்றான்.

மார்ச் 9

அண்ணன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன், வாசலிலேயே. அண்ணி உள்ளே உட்காரச் சொல்லி, டீ போட்டுக் கொடுத்து, பரவாயில்லை என்றார். விருந்தாளிக்கு வைக்கிற கோப்பையில் கொடுத்தார். அழுதுவிட்டுத்தான் வந்தேன், பஸ்ஸில்.

மார்ச் 13

நான்கா ஏழா என்ற பேச்சை மேடம் விட்டுவிட்டார். இரண்டையும் ஒரே செடியில் அடக்கிப் பார்க்கப்போகிறோம். சேர்ந்து செய்ய வேண்டும்.

ஜூன் 2

நாற்றுகள் நன்றாக வருகின்றன. வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

செப்டம்பர் 18

பூத்துவிட்டது. வெள்ளை. மஞ்சளின் சாயல்கூட இல்லாத வெள்ளை. தனித்தனியாக நாங்கள் யாருமே இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார்.

நானும் அண்ணியும் மட்டும் நின்றோம். பூவை மெல்லச் சாய்த்து உள்ளே பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம்தான், எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பார்த்தீர்களா அண்ணி என்றேன். தலையசைத்தார். பிறகு கத்தரியை என் பக்கம் நீட்டினார்.

“நீங்க எடுக்கறீங்களா, நான் எடுக்கட்டுமா?”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்றே பேசியவர்.

நீங்களே எடுங்க அண்ணி என்றேன்.