தறி ஓடும்போதே

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்,
மாசி 5, 1974.

அன்புள்ள குமாரவேலுக்கு அம்மா எழுதுவது. நீயும் தேவகியும் குழந்தையும் பிலாயில் நல்லபடியாக இருக்க ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்கிறேன். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. பொய் எழுதிப் பழக்கமில்லை.

அப்பாவுக்குத் தை பிறந்ததிலிருந்து கால் வீக்கம். நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. டாக்டர் வந்து பார்த்து, இதயம் களைத்துவிட்டது என்று என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அப்பாவிடம் மறைத்து என்ன பயன்? சீட்டைப் பார்த்ததுமே, "இந்த மாத்திரைய நானே எத்தினி பேருக்குக் குடுத்துட்டு, அப்புறம் மாலையோட அவங்க வூட்டுக்குப் போயிருக்கேன் தெரியுமா வடிவு" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மருந்துக்கடை பாதி நாள் பூட்டித்தான் கிடக்கிறது. ஆனாலும் ஜனங்கள் விடுவதாயில்லை. சங்கத்து வழக்கு, கோயில் உற்சவம், இருமல், பேதி எல்லாம் கட்டிலுக்கே வந்துவிடுகின்றன. காலரா வந்த வருஷம் கிணறு கிணறாக மருந்து போட்டுக்கொண்டு அலைந்த மனுஷர் அல்லவா, அந்த நன்றி யாருக்கும் போகவில்லை. நீ வீட்டை விட்டுப் போன அன்று, ஊருக்கெல்லாம் அவர் அப்பா, எனக்கு மட்டும் தலைவர் என்று சொன்னாய். அது அவர் காதில் விழுந்தது. வேறு சாதியில் பெண் எடுத்தவர்களைச் சங்கத் தலைவராக நின்று கண்டித்தவர், தாமல் ஊர்ப் பெண் தேவகியை நீ அழைத்து வந்தபோது வாய் தவறியா படி ஏறாதே என்றார்? ஊருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயமா என்று கேட்பார்களே என்ற பயம்தான். அந்தப் பயத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவரிடமும் சொல்லிவிட்டேன்.

குழந்தைக்கு வயிறு உப்புசம் என்று எழுதியிருந்தாய். நேரே சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று, எதிர்வீட்டுக் கலியாணசுந்தரத்தின் மனைவியிடம் சொல்வதுபோல அவர் காதில் போட்டேன். மறுநாள் காலையில் ரிக்ஷா கொண்டுவரச் சொல்லிக் கடைக்குப் போனார். தன் கையாலேயே ஓமத்தண்ணீர் இறக்கினார். வேளைக்கு எவ்வளவு என்று காட்டக் காகிதத்தைப் பல்பல்லாக வெட்டிப் பாட்டிலில் ஒட்டுவாரே, அதையும் வெட்டி ஒட்டினார். கோணலாகிவிட்டது என்று பிய்த்துவிட்டு இன்னொன்று வெட்டினார். யாருக்கு என்று கேட்டவர்களிடம், ஒரு சின்னப் பிள்ளைக்கு என்று மட்டும் சொன்னார். பாட்டில் இப்போது சாமி மாடத்தில் இருக்கிறது. தபாலில் போட்டால் உடைந்துவிடும் என்கிறார். வேறு எப்படித்தான் போய்ச் சேரும் என்று நான் கேட்கவில்லை. நாள்பட்டால் அது கெட்டுவிடும்.

இனி எழுதப்போவதுதான் விஷயம். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா கண் அயர்ந்தார். அதைப் பார்த்துவிட்டு, அவர் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று கலியாணசுந்தரம் தறியை நிறுத்தியிருக்கிறார். அவரைப் பார்த்துப் பக்கத்து வீடு, அடுத்த வீடு என்று தெரு முழுக்கத் தறி நின்றுவிட்டது. நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஆனால் நம் தெருவில் தறி எப்போது நிற்கும் என்று உனக்குத் தெரியும். சாவு விழுந்தால் நிற்கும். காரியம் முடிந்து அப்பா வந்து, ஓட்டுங்கப்பா என்று சொன்ன பிறகுதான் மறுபடி ஓடும்.

சத்தம் நின்றதும் விழித்துக்கொண்டார். யார் போனது என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன், நம்பவில்லை. "என்கிட்ட மறைக்காத. சட்டைய எடு, மாலை வாங்கியாரச் சொல்லு" என்று எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். கலியாணசுந்தரம் ஓடிவந்து, "ஒண்ணுமில்லண்ணே, நீங்க தூங்கிக்கினு இருந்தீங்க, அதான் நிறுத்தி வச்சோம்" என்றார். அப்பா தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "உசுரோட இருக்கறவனுக்கு எதுக்குப்பா இந்த மரியாதை? ஓட்டுங்க" என்றார். ஓட்டினார்கள்.

படுக்கவைத்து விசிறினேன்.  பிறகு கண்ணை மூடிக்கொண்டே, "நான் போற அன்னிக்கு யாரு வடிவு ஓட்டுங்கன்னு சொல்றது?" என்று கேட்டார். தலைவர் போனால் அவர் மகன்தான் சொல்ல வேண்டும் என்பது அவருக்கா தெரியாது?  சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

குமாரவேலு, படி ஏறாதே என்று சொன்ன வாய் இனி வா என்று சொல்லாது. அவருக்கு அது வராது. அவருக்குப் பதிலாக நான் கூப்பிடுகிறேன். தேவகியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு வா. ஊர் என்ன பேசினாலும் வாசலில் நான் நிற்கிறேன். ரயிலில் குழந்தைக்குக் காதை மூடிக் குல்லாய் போடச் சொல்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காக மட்டும் வந்து நிற்காதேப்பா. அதை யாராவது சொல்லிக்கொள்வார்கள். தெருவில் தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்துவிடு.

மூவரும் தீர்க்காயுசாக இருங்கள்.

வாசலைப் பார்த்தபடி,
அம்மா
வடிவாம்பாள்