மஞ்சள் கதவுப் பக்கம்

தம்பி,

கவரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. நம் பழைய பிக்கப் வண்டி மறுபடி ஓடக் கிளம்பிவிட்டது!

வண்டியின் துருப்பிடித்த தரைக்குப் பழைய ஃபிரிட்ஜ் கதவை வெட்டிப் பற்றவைத்தேன். இடது கதவு காயலான் கடையிலிருந்து வந்தது. அது மட்டும் மஞ்சள். மற்றதற்கெல்லாம் உன் அண்ணி பச்சை அடித்தாள், சுவருக்கு அடிக்கும் பிரஷ்ஷால். கிட்டப் போய்ப் பார்க்காதவரை ஜோராக இருக்கிறது.

ஆனால் நான்கு சக்கரமும் இழுக்க வேண்டிய வண்டியில் முன் சக்கரங்கள் மட்டும் இழுக்கவே இல்லை. நீதான் கியர்பாக்ஸை உடைத்தாய் என்று இரண்டு வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அதை மூன்று முறை கழற்றி மாட்டினேன். ஒரு பல்கூடத் தேயவில்லை. நேற்று சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்த உன் அண்ணி, "நடுவுல இந்தத் திருகு எதுக்குங்க? 'லாக்'னு போட்டிருக்கே" என்றாள். இரண்டு முன் சக்கரங்களிலும் அதைக் கையால் திருப்பினால்தான் நான்கும் இழுக்குமாம். நம் இருவருக்குமே தெரியவில்லை! "இதுக்கா தம்பியை அந்தப் பேச்சுப் பேசினீங்க?" என்று அவள் சிரித்த சிரிப்பு அடங்க அரை மணி நேரம் ஆனது. நானும் சிரித்தேன். முதலில் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

இன்று வீட்டுக்குப் பின்னால் சேற்றில் இறக்கினேன். வண்டி பூனை மாதிரி ஏறி வந்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு டெய்லர் கத்திரிக்கோலோடு ஓடி வந்தார்.

ஒரே ஒரு சிரமம். ஒரு பக்கம் திருப்பிவிட்டு, முழங்கால் சேற்றில் சுற்றி நடந்து மறுபக்கமும் நானே திருப்ப வேண்டியிருக்கிறது. இது இரண்டு பேர் இறங்கிச் செய்கிற வேலை. மஞ்சள் கதவுப் பக்கம் உன்னுடையது.

கிரீஸ் கையோடு,
உன் அண்ணன்